முப்பதில் போகச் சொன்னால் கோபம் வருகிறது

"அக்கா, கொடியைப் பதிக்கிறியளோ, இல்லை நான் அப்பிடியே விடட்டோ?"

டிப்பரின் ஜன்னலால் தலையை நீட்டி அந்த இளைஞர் இப்படிக் கேட்டபோது, நான் கொடி பிடித்துக்கொண்டிருந்த பெண்ணுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அவர் பதில் சொல்லவுமில்லை, கொடியை இறக்கவுமில்லை. எதிர்ப் பக்கத்தால் வந்த கடைசி மோட்டார் சைக்கிளும் கடந்து போன பிறகுதான் சிவப்புக் கொடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பச்சைக் கொடியை எடுத்தார். டிப்பர் உறுமிக்கொண்டு போனது. கிறவல் புழுதி எங்கள் இருவரையும் மூடிவிட்டது.

"இது எத்தனையாவது ஆள்?" என்று கேட்டேன்.

"காலமையில இருந்து நாலாவது, ரீச்சர். இவன் பரவாயில்லை. அக்கா எண்டாவது கூப்பிட்டவன்" என்றார், சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதியில் இருந்து உள்ளே பிரிந்து, குளத்துப் பக்கமாகப் போகும் வீதி எங்களுடையது. அதில் இரண்டு கிலோமீற்றர் நீளத்தை உடைத்து அகலமாக்கி, மூன்று மதகுகளை மாற்றிக் கட்டி, கிறவல் பரப்பி, கடைசியில் காப்பெற் போடும் வேலை ஏறத்தாழ ஏழு மாதங்கள் நடந்தது. இரண்டு அந்தத்திலும் மஞ்சள் பலகை வைத்தார்கள். வேலை நடக்கிறது, மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடாது என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. ஒரு பக்க வாகனங்களை மறித்து மறுபக்கத்தை விடுவதற்கு ஆட்கள் வேண்டும். அந்த வேலைக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் நான்கு பேரை நாட்சம்பளத்துக்கு எடுத்தார்கள். நால்வருமே குடும்பத்தைத் தனியே தாங்குகிறவர்கள்.

நான் அந்த வீதிக் கரையில் இருக்கும் முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். மாதர் சங்கச் செயலாளரும் நான்தான். ஆனாலும் கொடிக்காரப் பெண்ணுக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது சங்க வேலையால் அல்ல. வேலை தொடங்கி மூன்றாம் கிழமை நானே அந்த வீதியில் விழுந்தேன்.

எனக்கு வலது காது கேட்காது. 2009இல், கடைசி மாதங்களில், பங்கருக்குப் பக்கத்தில் செல் விழுந்ததோடு போன கேள்வி திரும்பி வரவில்லை. வீட்டுக்குள்ளே இது பெரிய குறையாகத் தெரியாது. வகுப்பிலும் பிள்ளைகள் என் இடது பக்கம் வந்து நின்று கதைக்கப் பழகிவிட்டார்கள். ஆனால் சைக்கிளில் போகும்போது நிலைமை வேறு. எங்கள் நாட்டில் இடப்பக்கமாக ஓட வேண்டும். முந்துகிற வாகனம் எல்லாம் வலது பக்கத்தால்தான் வரும். அதாவது எனக்குக் கேட்க வேண்டிய சத்தம் முழுவதும் கேட்காத காதின் பக்கமாகத்தான் வருகிறது. அன்றைக்கு ஒரு மினிபஸ் என்னை முந்தியது. அதன் பக்கக் கண்ணாடி முழங்கையில் தட்ட, சைக்கிளோடு வாய்க்காலுக்கு வெட்டிய கிடங்குக்குள் போய் விழுந்தேன். கை உடையவில்லை, உரசல் காயந்தான். பஸ் நிற்கவில்லை. அந்தப் பஸ்ஸின் சாரதியை எனக்குத் தெரியும். அவருடைய மகள் என்னிடம் படித்தவள். அதுதான் எனக்கு ஆத்திரத்தை மூட்டியது.

இரண்டு நாள் கழித்துச் சந்தியில் அவரைக் கண்டு கேட்டேன். "ஐயோ ரீச்சர், நீங்களோ? சத்தியமா எனக்குத் தெரியாது. நான் ஹோர்ன் அடிச்சனான்" என்றார். ஹோர்ன் அடித்ததை அவர் ஒரு நியாயமாகச் சொன்னார். கேட்காத காதுக்கு ஹோர்ன் அடித்தால் என்ன, அடிக்காவிட்டால் என்ன? யுத்தத்துக்குப் பிறகு எங்கள் பகுதியில் காது மந்தமானவர்கள் எத்தனை பேர், செயற்கைக் காலோடு நடப்பவர்கள் எத்தனை பேர், தலையில் சன்னத்துண்டோடு இருந்து திடீரென்று தலைசுற்றி நிற்பவர்கள் எத்தனை பேர் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எல்லோரும் போகும் வீதி இதுதான்.

அவரோ தன் பக்கத்துக் கதையைத் தொடங்கிவிட்டார். கோபமாகத்தான் கேட்கத் தொடங்கினேன். அரை மணித்தியாலம் போன பிறகு அவ்வளவு கோபம் இருக்கவில்லை.

"ரீச்சர், உந்த முப்பது எண்டு பலகை போட்டவைக்கு ஒரு நாள் பஸ் ஓடிப் பாக்கச் சொல்லுங்கோ. எனக்கு ரவுணில வெளிக்கிடுற நேரம் இருக்கு. அஞ்சு நிமிசம் பிந்தினா ரைம் கீப்பர் என்ர முறையைப் பின்னால நிக்கிறவனுக்குக் குடுத்திடுவார். முறை போனா சனம் போச்சு. சனம் போனா காசு போச்சு. முதலாளிக்குக் குடுக்க வேண்டியதைக் குடுத்து, டீசலுக்கும் எடுத்து வைச்சாப் பிறகு மிஞ்சுறதுதான் எனக்கும் கொண்டக்டர் பொடியனுக்கும். முன்னுக்கு இ.போ.ச. பஸ் போனா அதுவும் இல்லை. வீதியை உடைச்சிட்டாங்கள். நேர அட்டவணையை ஒருத்தரும் மாத்தேல்லை. அப்ப நான் எங்க நேரத்தைப் பிடிக்கிறது? ஓட்டத்திலதான் பிடிக்கலாம்."

வீட்டுக்கு வந்து மகனுடைய கொப்பியில் கணக்குப் பார்த்தேன். இரண்டு கிலோமீற்றரை 50இல் ஓடினால் 2 நிமிடமும் 24 செக்கனும் ஆகும். 30இல் ஓடினால் 4 நிமிடம். வித்தியாசம் 96 செக்கன்! இதற்காகவா என்னைக் கிடங்குக்குள் தள்ளிவிட்டுப் போனார்? மறுநாள் கொப்பியைக் கொண்டுபோய் அவரிடமே காட்டினேன். அவர் சிரித்தார்.

"கணக்குச் சரி ரீச்சர். ஆனா நீங்கள் கொடியில நிக்கிற நேரத்தைப் போடேல்லை. ஒருக்கா மறிச்சா பத்து நிமிசம் போகுது. ஒரு நாளைக்கு ஆறு தரம் இதால போறன், எத்தினை தரம் மறிபடுறன் எண்டு பாருங்கோ. முப்பதில போறதால நான் சாகேல்லை. நிண்டு நிண்டு போறதுதான் சாக்காட்டுது. நிண்ட நேரத்தைத்தான் பிறகு ஓடிப் பிடிக்கிறம்."

இதை நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. அதனால்தான் விடுமுறை நாளொன்றில் கொடிக்காரப் பெண்ணோடு காலை ஏழு மணிக்குப் போய் நின்றேன். யார் எதற்காகக் கோபிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டியிருந்தது.

அன்றைக்கு முழுவதும் நின்றதில் முதலில் தெரிந்தது சாரதிகளைப் பற்றிய விடயமல்ல, கொடி பிடிப்பவரைப் பற்றியது. அவருக்கு மஞ்சள் அங்கியும் தலைக்கவசமும் கொடுத்திருந்தார்கள், நிழல் கொடுக்கவில்லை. மலசலகூடம் இல்லை. போவதென்றால் இருநூறு மீற்றர் நடந்து தெரிந்த வீடொன்றுக்குப் போக வேண்டும். அந்த நேரம் கொடிக்கு ஆள் இல்லை. ஆகவே அவர் காலையில் இருந்து தண்ணீர் குடிப்பதில்லை. இப்படித் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்யும் பெண்களை வயலிலும் கடைகளிலும் கண்டிருக்கிறேன். நடுவீதியில் வெயிலில் நிற்பவரும் அப்படித்தான் நிற்கிறார் என்பது மனதை வருத்தியது. 2009இல் காணாமல் போன கணவரின் படம் அவருடைய கைப்பையில் இருந்தது. அதைப் பற்றி அவர் அதிகம் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மகன் ஓ.எல். எடுக்கிறான், மகள் ஒன்பதாம் வகுப்பு என்று மட்டும் சொன்னார்.

சாரதிகள் அவரைப் பேசிய பேச்செல்லாவற்றையும் இங்கே எழுத முடியாது. "வீட்டில சமைக்காம றோட்டில நிக்கிறியோ" என்பது அதில் மிகவும் மரியாதையானது. ஒரு வான்காரர் கொடியை வாகனத்தால் தட்டிவிட்டே போனார். மறுமுனையில் கொடி பிடித்தவர் ஓர் ஆண். அவருக்கும் ஏச்சு விழுந்ததுதான், ஆனால் வீதி வேலையைப் பற்றிய ஏச்சு. இவருக்கு விழுந்தது பெண் என்பதற்கான ஏச்சு. "ஏன் திருப்பிப் பேசுறதில்லை?" என்று கேட்டேன். "பேசினா கொடி ஆடும் ரீச்சர். கொடி ஆடினா அந்தப் பக்கத்தான் வெளிக்கிட்டிடுவான்" என்றார்.

டிப்பர் சாரதிகளுக்கு லோட் கணக்கில்தான் சம்பளம். மணலுக்கான பெர்மிற்றில் நேரம் போட்டிருக்கும், அந்த நேரத்துக்குள் ஏற்றி இறக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். அவர் வேகமாக ஓடுவதை மறைக்கவில்லை. "வெறும் டிப்பர்தானே அக்கா, லோட் இருக்கேக்க நான் மெதுவாத்தான் போவன்" என்றார். வெறும் டிப்பர் மோதினால் வெறும் காயம்தான் வருமா என்று கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. ஓட்டோக்காரர்களுக்கு லீசிங் கட்டும் கவலை. சட்டப்படி முச்சக்கர வண்டி எங்கேயும் மணிக்கு 40இற்கு மேல் ஓடக்கூடாது என்பது தெரியுமா என்று மூவரிடம் கேட்டேன். இருவருக்குத் தெரியாது, தெரிந்தவர் சிரித்தார். மோட்டார் சைக்கிள் பொடியன்களிடம் கேட்டுப் பயனில்லை, அவர்கள் நின்றால்தானே கேட்பதற்கு. ஸ்கூட்டியில் போகும் எங்கள் பெண்களையும் நான் விட்டுவைக்கக் கூடாது. பிள்ளையை முன்னால் நிற்க வைத்து, தலைக்கவசத்தைக் கைப்பிடியில் தொங்கவிட்டுப் பறக்கிறவர்களில் என்னோடு சங்கத்தில் இருப்பவர்களும் உண்டு. பெயர் சொல்லவில்லை, வாசித்தால் தெரிந்துகொள்வார்கள்.

இன்னொன்றையும் அன்றுதான் கண்டேன். வாகனங்கள் ஒன்றை ஒன்று முந்தியதற்கு அவசரம் மட்டும் காரணம் இல்லை. முன்னால் போகும் வாகனம் கிளப்பும் புழுதிக்குள் பின்னால் போகிறவருக்கு ஒன்றும் தெரியாது, மூச்சும் முட்டும். மோட்டார் சைக்கிளில் போகிறவர் அந்தப் புழுதியில் இருந்து தப்புவதற்கே முந்துகிறார். முந்துகிற நேரத்தில் எதிரே வருகிற சைக்கிள் அவர் கண்ணில் படாது. அதாவது 30 என்ற பலகையை மீற வைத்ததில் பாதி, நனைக்காமல் விட்ட கிறவல்தான்.

வேகக் கட்டுப்பாடு எமது பகுதிக்குப் புதிதல்ல. 2002இல் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகு ஏ-9 பாதை திறந்தது. 2006 ஆகஸ்ட்டில் மறுபடி மூடும் வரைக்கும் ஓமந்தையில் இருந்து முகமாலை வரை வேகம் கடுமையாகக் கவனிக்கப்பட்டது. தெற்கிலிருந்து வந்த சாரதிகள் தண்டம் கட்டிவிட்டு முறுமுறுத்துக்கொண்டு போனதைக் கண்டவர்கள் எங்களில் பலர். அப்போதும் அதே கேள்விதான்: நல்ல வெறும் பாதையில் ஏன் மெதுவாகப் போக வேண்டும்? ஆனால் பெரும்பாலான இடங்களில் எங்களுக்கு அப்போது பலகையோ பொலிஸோ தேவைப்படவில்லை. கிடங்குகளே போதும். செல் விழுந்த குழி, மழை வெட்டிய குழி, ராங்கிச் சங்கிலி கிழித்த தார் என்று ஒவ்வொரு ஐம்பது அடிக்கும் ஒரு தடை. லொறியும் சைக்கிளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போன காலம் அது. நாங்கள் அந்த வீதிகளைச் சபித்தோம். கர்ப்பிணிகளை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போன போது சபிக்காமல் என்ன செய்வது? ஆனாலும் அந்தக் குழிகள் பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொண்டும் இருந்தன என்பது காப்பெற் வந்த பிறகுதான் எங்களுக்கு விளங்கியது.

இன்னொரு பழைய பழக்கத்தையும் சொல்ல வேண்டும். சாரதிகள் பலர் என்னிடம் சொன்ன முறைப்பாடு, "உங்கட சனம் கரையால நடக்குதில்லை, நடுறோட்டிலதான் போகுது" என்பது. உண்மைதான். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும். மீளக்குடியேறி வந்த காலத்தில் தாருக்கு வெளியே கால் வைக்காதே என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வீதிக்கரை முழுவதும் மண்டையோட்டுப் படத்துடன் சிவப்புப் பலகை, மஞ்சள் நாடா. ஆட்டுக்குட்டி கரைக்கு ஓடினாலும் நாங்கள் பின்னால் போகவில்லை. மிதிவெடி அகற்றுபவர்கள் துப்புரவாக்கிய பின்னும் காலுக்குப் பயம் போகவில்லை. எனது அம்மா சாகும் வரை தாரை விட்டு இறங்கி நடக்கவில்லை. அந்தப் பலகைக்கு எல்லோரும் பணிந்தோம். மஞ்சள் பலகையில் எழுதிய முப்பதுக்கு மட்டும் ஒருவரும் பணியவில்லை. வெடித்தால் தனக்கு என்பதால் முதலாவதுக்குப் பயம். இரண்டாவதில் அடிபடப்போவது சாரதி அல்ல.

மகனிடம் கேட்டு இன்னொரு கணக்கும் எழுதி வைத்தேன். 50இல் போகும் வாகனம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 14 மீற்றர் ஓடிவிடும், 70இல் போனால் 19 மீற்றருக்கும் மேல். பிள்ளையைக் கண்டு பிறேக்கில் கால் வைக்கவே ஒரு செக்கன் ஆகும். அந்தச் செக்கனில் வேகம் குறையவே குறையாது. பிறகு பிறேக் பிடித்து நிற்கும் தூரத்தையும் சேர்த்தால், காய்ந்த நல்ல தார் வீதியில், நல்ல பிறேக் உள்ள வாகனத்துக்கு, 30இல் ஏறத்தாழ 13 மீற்றர், 50இல் 28 மீற்றர், 70இல் 46 மீற்றர் வேண்டும். உதிரிக் கிறவலில் இன்னும் கூட. எங்கள் முன்பள்ளிப் படலையில் இருந்து வளைவு வரை காலடியால் அளந்தேன். முப்பத்தைந்து மீற்றர் கூட வரவில்லை. 50இல் வருகிறவர் கவனமாக இருந்தால் நிற்கலாம். 70இல் வருகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நிற்க முடியாது.

நகர்ப்புறத்திலும் குடிமனை உள்ள இடங்களிலும் 50, வெளியே கார், மோட்டார் சைக்கிளுக்கு 70, பஸ், லொறிக்கு 60 என்பதே நாட்டின் பொதுவான சட்டம். நடப்பவர்களும் வாகனங்களும் கலந்து போகும் இடத்தில் 30 போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லி வருகிறது. எமது நாட்டில் ஆண்டுதோறும் 2,000 பேருக்கும் மேல் வீதி விபத்தில் இறக்கிறார்கள்.

இந்தக் கொப்பியோடுதான் சங்கத்தில் கதைத்தேன். சாரதிகளையும் மேற்பார்வையாளரையும் சனசமூக நிலையத்துக்குக் கூப்பிடுவோம் என்று முடிவெடுத்தோம். "வரமாட்டினம்" என்றார் தலைவி. தேத்தண்ணியும் வாய்ப்பனும் உண்டு என்று சொல்லியனுப்பினோம். பதினொரு பேர் வந்தார்கள்.

கூட்டம் சண்டையாகத்தான் தொடங்கியது. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பஸ்காரர் டிப்பரைச் சொல்ல, டிப்பர்காரர் மேற்பார்வையாளரைச் சொல்ல, அவர் "எனக்கு மேல இருந்து வாற கட்டளை" என்றார். கொடி பிடிக்கும் பெண் எழும்பி, "நீங்கள் ஏசுறதைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆர் எந்த வாகனம் எண்டு குரலிலேயே தெரியும். இண்டைக்கு முகத்தையும் பாத்திட்டன்" என்றார். சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகுதான் மனிதர்களாகக் கதைக்கத் தொடங்கினார்கள்.

டிப்பர்காரர் ஒருவர் கேட்ட கேள்வி என்னை வெட்கப்பட வைத்தது. "அங்கை முன்பள்ளி இருக்கெண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும். ஒரு பலகையும் இல்லையே ரீச்சர்?" உண்மை. பூவரச மரங்களுக்குள் மறைந்திருக்கும் எங்கள் முன்பள்ளிக்கு வீதிப்பக்கம் ஒரு பெயர்ப்பலகை கூட நாங்கள் வைத்திருக்கவில்லை. வெளியூரில் இருந்து வருகிற சாரதிக்கு அது வெறும் வேலி. மற்றவர்கள் மேல் முறைப்பாடு எழுதுவதற்கு முன் இதை நான் பார்த்திருக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமையே தகரம் ஒன்றில் "முன்பள்ளி, மெதுவாகச் செல்லவும்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வளைவுக்கு அப்பால் நாட்டினோம்.

கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. தண்ணீர்ப் பவுசர் நாளுக்கு இரண்டு தரம் நனைக்கும் என்று ஒத்துக்கொண்டார்கள். ஒரு தரம்தான் நடந்தது, அதுவும் காலையில். அந்த ஒரு தரமே முந்துவதைக் குறைத்தது என்பதை நான் கண்ணால் கண்டேன். இரு முனையிலும் கொடி பிடிப்பவர்கள் ஊகித்துக்கொண்டு நிற்காமல் தொலைபேசியில் பேசி மாற்ற, பத்து நிமிட மறியல் ஐந்தாறு நிமிடமானது. மறித்த வரிசையில் பஸ்ஸை முன்னால் விடுவது என்றும் முடிவாயிற்று, டிப்பர்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. பஸ் நேர அட்டவணையில் பத்து நிமிடம் கூட்டக் கேட்டோம், ஏழு நிமிடம் கூட்டினார்கள். அந்த மினிபஸ் சாரதி அடுத்த கிழமை என்னைக் கடந்து போகும்போது வேகத்தைக் குறைத்து நன்றாக விலகிப் போனார். அட்டவணை மாறியதாலா, மகளின் ரீச்சர் என்பதாலா, நான் கேட்கவில்லை. மலசலகூடம் வேலை முடியும் வரை வரவில்லை. சங்கத்தால் ஒரு கிடுகுக் கொட்டில் போட்டு நிழல் மட்டும் கொடுத்தோம்.

பிறகு காப்பெற் போட்டார்கள். கறுப்பாக, பளபளவென்று, வெள்ளைக் கோடோடு. அன்றைக்கு ஊரே வந்து பார்த்தது. பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார்கள். இரண்டாம் நாள் மஞ்சள் பலகைகளைக் கழற்றி லொறியில் ஏற்றினார்கள். கொடிப் பெண்கள் நால்வருக்கும் அத்தோடு வேலையும் முடிந்தது. முதல் கிழமையிலேயே இரண்டு மாடுகள் அடிபட்டன. மதகடியில் ஒரு பொடியன் மோட்டார் சைக்கிளோடு விழுந்து காலை முறித்தான். 1990இற்கு அழைத்தோம். இலவச அம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. கிடங்காக இருந்திருந்தால் அவ்வளவு விரைவாக வந்திருக்காது, கிடங்காக இருந்திருந்தால் அவன் விழுந்துமிருக்க மாட்டான் என்று அவனுடைய தாய் சொன்னார்.

விபத்தென்று வந்தால் சகோதரிகள் சிலர் "சமாதானமாகப் போவோம்" என்று கையில் தரும் சிறு தொகையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். வாகன இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள், பொலிஸில் முறைப்பாடு பதிந்து அதன் பிரதியை வாங்குங்கள், வைத்தியசாலைத் துண்டுகளைக் கவனமாக வைத்திருங்கள். வீதியில் ஓடும் ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். அடிபட்டவர் இழப்பீடு கோருவதற்குத்தான் அது இருக்கிறது. காது கேட்காதவர்கள் நடக்கும்போது வலது கரையால், எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி நடந்தால் பின்சத்தம் கேட்க வேண்டிய தேவை குறையும். சைக்கிளில் அப்படிப் போக முடியாது. நான் பழைய மோட்டார் சைக்கிள் கண்ணாடி ஒன்றை வாங்கி வலது கைப்பிடியில் பூட்டியிருக்கிறேன். பார்த்துச் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

முன்பள்ளி முன்னால் பாதசாரிக் கடவையும் வேகத்தடையும் கேட்டு, பெற்றோர் கையொப்பத்தோடு கடிதம் கொடுத்தோம். கிடைத்தது என்று பதில் வந்தது. வேறொன்றும் இன்னும் வரவில்லை.

கொடி பிடித்த பெண்ணுக்கு இப்போது வேறு ஊரில், வேறொரு மதகு வேலையில் இடம் கிடைத்திருக்கிறது. போகும்போது தன்னுடைய பழைய சிவப்புக் கொடியை முன்பள்ளியில் கொடுத்துவிட்டுப் போனார். காலை எட்டேகாலுக்கு நான் அதைப் பிடித்துக்கொண்டு படலையடியில் நிற்கிறேன். எனக்கு இதற்கு அதிகாரம் இல்லை என்று மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் நினைவூட்டினார். அந்த மினிபஸ் நிற்கிறது. ஓட்டோக்கள் நிற்கின்றன. டிப்பர்களில் சில நிற்கின்றன, சில ஹோர்ன் மட்டும் அடிக்கின்றன. பிள்ளைகள் கடந்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கைக்கடிகாரத்தில் பார்த்தேன். இருபத்தொரு பிள்ளைகளுக்கும் சேர்த்து நாற்பது செக்கன்.